துடைத்து வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் கம்பி ஆலையில் ஒரு சட்டம் உண்டு. பிரிண்ட் ஆன எடைச் சீட்டு இல்லாமல் எந்த லாரியும் கேட்டைத் தாண்டாது. எடை மேடையில் அந்தச் சீட்டைக் கொடுக்கிறவள் நான், ஸ்டெல்லா. கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் என்னிடம் வாய் கொடுத்து ஜெயித்த டிரைவர் இன்னும் பிறக்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை ஐப்பசியில் வந்தது. லீவு முடிந்து வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், திரையில் பிள்ளையார் படம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. எடை புரோகிராமைத் திறக்கிற ஐகானைக் காணோம். எந்த ஐகானையும் காணோம். பூஜைக்காக மெஷின்களையெல்லாம் துடைத்த எலக்ட்ரீஷியன் சேகர் இதையும் விடவில்லை.

"இன்னாடா பண்ண?"

"கிளீன் பண்ணேன்க்கா. ஒரே குப்பையா இருந்துச்சு, சாமிய மறைச்சுக்கினு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. முதலில் கோபத்தைத்தான் காட்டினேன்.

அதற்குள் ஏழுமலையண்ணன் லாரி மேடையில் ஏறிவிட்டது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற சரக்கு. சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் மறுநாள் வரை அங்கேயே காத்துக்கிடக்க வேண்டும். மறுநாள் காலை மீஞ்சூரில் அவர் மகளுக்கு வளைகாப்பு.

"பெத்தவன் இல்லாம எப்டிம்மா? இன்னைக்குப் பாத்து பேஜாரு பண்றியே," என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் குரல் இறங்கிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை.

புரோகிராம் போட்டுக்கொடுத்த குமாருக்குப் போன் அடித்தேன். பழைய புரோகிராம் அது, கட்டளை அடிக்கிற கருப்புத் திரையைத் திறந்து, அது இருக்கிற ஃபோல்டருக்குள் போய், பெயரை அடித்தால் ஓடும் என்றார். D டிரைவில் EDAI என்ற ஃபோல்டர். ஃபோல்டருக்குள் போகிற cd கட்டளையோடு, cd D:\EDAI என்று அடித்தேன். திரை திட்டவில்லை, அதனால் உள்ளே போய்விட்டோம் என்று நினைத்தேன். புரோகிராம் பெயரை அடித்தால், அப்படி ஒன்றும் இல்லை என்றது. விசையை ஓங்கிக் குத்தி மறுபடியும் அடித்தேன். அதே பதில்தான். வெளியே ஹாரன் மேல் ஹாரன்.

"மேடம், கடைசி வரி எந்த எழுத்துல ஆரம்பிக்குது?" என்றார் போனில் குமார்.

"C."

"நீங்க இன்னும் C-லயே நிக்கிறீங்க. cd மட்டும் அடிச்சா டிரைவ் மாறாது. D, கோலன், என்டர்."

அடித்தேன். வரி D:\EDAI> என்று மாறியது. பெயரை அடித்ததும் கட்டம் கட்டமாகத் திரை நிறைந்தது. மூலையில் ஏழுமலையண்ணன் லாரியின் எடை. சீட்டைக் கிழித்து ஜன்னலில் நீட்டினேன்.

"மெதுவாவே ஓட்டுண்ணா. டைம் இருக்குது."

அடுத்த லோடுக்கு வந்தபோது ஒரு பொட்டலத்தை ஜன்னலில் வைத்தார். பச்சைக் கண்ணாடி வளையல்.

"பந்தல் நான்தாம்மா கட்டுனேன். இது பொண்ணு உனக்குன்னே எடுத்து வெச்சது."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒன்று ஓடவில்லையென்றால் விசையைக் குத்தாதீர்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று அந்தக் கடைசி வரியைப் படியுங்கள். சேகரை இப்போதெல்லாம் திரையின் வெளிக் கண்ணாடியைத் துடைப்பதோடு நிறுத்திவிடுகிறேன். நான் டைப் அடிக்கும்போது வளையல் கலகலக்கும். "காது போவுதுக்கா," என்பான். நான் இன்னும் கொஞ்சம் வேகமாக அடிப்பேன்.