முப்பத்தாறாவது புள்ளி

ராக்காயிக்கு எழுத்து வாசனை கிடையாது. கைநாட்டுதான். ஆனால் அந்த விரல் இருக்கிறதே, அது சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்க வரிசையில் நின்றால் தரைத் தூசியில் கோலம், ரொட்டி தட்ட உட்கார்ந்தால் பலகை மாவில் கோலம். ஒரு தடவை கணக்கப்பிள்ளையின் மேசையில் சிந்தியிருந்த தேத்தண்ணியில் கோலம் இழுத்து, அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். புருஷன் செல்லசாமி தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவன். "ஒன்னக் கட்டுனதுக்கு ஒரு சுண்ணாம்புக் கட்டியக் கட்டியிருக்கலாம்" என்பான். "கட்டிக்கிறதுதானே, அது ஒங்களுக்கு ரொட்டி சுட்டுப் போடும்" என்பாள் இவள்.

1948இல் கந்தப்பளைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த தேயிலைத் தோட்டம் நானுஓயாவுக்கு மேலே, ரயில் கண்ணில் படாது, கூவினால் மட்டும் கேட்கும். வரிசை வீடுகளாக மூன்று லயம், லயத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். கடைசிக் காம்பரா ஒழுகியதால் அதில் ஆள் இல்லை. ஆக, முப்பத்தைந்து குடும்பம்.

அந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாக் காலையில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் பங்கீட்டுக் கூப்பன் அரிசியில் ஒரு பிடி இடித்துக் கொண்டுவந்து, கோயில் வாசலில் ஆளுக்கொரு புள்ளி வைப்பார்கள். அப்புறம் ஒருத்தி, ஒரே ஒருத்தி, எல்லாப் புள்ளியையும் வளைத்து வளைத்து ஒரே இழையாகக் கோடு இழுத்து, தொடங்கின இடத்திலேயே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கோடு புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகவே ஓட வேண்டும், ஓரத்தில் மட்டும்தான் திரும்பலாம். ஆற்றிலிருந்து வரும் கரகம் அதன்மேல் நடந்துதான் உள்ளே போகும். எல்லா வீட்டையும் ஒரே இழை சுற்றிவிட்டால் அம்மன் எல்லாரையும் ஏற்றுக்கொண்டாள். இழை நடுவிலேயே மூடிக்கொண்டு பாதிப் புள்ளி வெளியே நின்றுவிட்டால், ஏதோ ஒரு புள்ளியை அவள் வேண்டாம் என்கிறாள். அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும். எந்தக் குடும்பம் என்று பெரியவர்கள் கூடித் தீர்மானிப்பார்கள். தீர்மானம் என்ன பெரிய தீர்மானம்! யாருக்கு ஆளில்லையோ அவர்கள் பக்கம்தானே கை நீளும்.

வந்த மறு வருஷமே அந்தக் கோலம் ராக்காயியின் கைக்கு வந்தது. ஐந்து வரிசை, வரிசைக்கு ஏழு புள்ளி. எட்டு வருஷம் போட்டாள். எட்டு வருஷமும் கோடு தன் வீட்டுக்குத் திரும்பும் ஆடு மாதிரி தொடங்கின இடத்துக்கே வந்து நின்றது. தன் கைராசி என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. இருந்தால் என்ன, அப்படிக் கை யாருக்கு வாய்க்கும்!

1957 தை மாதத்தில் கடைசிக் காம்பராவுக்குத் தகரம் மாற்றி, அதில் வீரம்மாவைக் குடிவைத்தார்கள். வேறு தோட்டத்தில் பாறை சரிந்து புருஷனைப் பறிகொடுத்தவள், இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்தாள். காம்பரா போனால் வேலையும் போச்சு, அப்புறம் நடுத்தெருதான். அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

பங்குனியில் திருவிழா வந்தது. இந்த வருஷம் முப்பத்தாறு புள்ளி.

"ஆறுக்கு ஆறு வைப்போம் தலைவரே. சதுரமா, அம்சமா இருக்கும்" என்றாள் ராக்காயி. கோயில் தலைவர் ஆண்டியப்பனும் தலையாட்டினார். ஆற்றுக்குக் கரகம் பாலித்து எடுத்துவரப் போனவர்கள் உச்சிக்குத்தான் திரும்புவார்கள், நேரம் நிறைய இருந்தது. முப்பத்தைந்து பேரும் வைத்த பிறகு வீரம்மா தயங்கித் தயங்கி வந்து மூலையில் முப்பத்தாறாவது புள்ளியை வைத்தாள்.

ராக்காயி எதிர் மூலையில் தொடங்கினாள். கோடு முதல் புள்ளியை வளைத்து, குறுக்கே நெளிந்து நெளிந்து ஓடி, நேரே வீரம்மாவின் புள்ளியைச் சுற்றி, வந்த வழியே திரும்பி, தொடங்கின இடத்தில் வந்து மூடிக்கொண்டது. ஆறே ஆறு புள்ளி. முப்பது புள்ளி அம்போவென்று வெளியே கிடந்தது.

அவள் கோடு மூடின இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா! அவ புள்ளியத் தொட்டுட்டு அப்படியே திரும்பிருச்சு" என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டார்கள். வந்த காலே சரியில்லை என்றார்கள், புருஷனைத் தின்றவள் என்றார்கள். வீரம்மா பிள்ளைகள் இரண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தரையையே பார்த்தாள்.

ஆண்டியப்பன் தொண்டையைச் செருமினார். "ராக்காயி, ஒன் கை மேல குத்தமில்ல புள்ள. எட்டு வருஷம் பாத்தமே. அந்த ஒரு புள்ளிய எடுத்துட்டு, பழையபடி அஞ்சுக்கு ஏழு போடு. மத்தத நாங்க பாத்துக்குறோம்."

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு அவளுக்கு இனித்தது. தலையாட்டினால் போதும், அவள் பேர் தப்பித்துவிடும். வீரம்மா அவளுக்கு அக்காவா தங்கச்சியா? ஆனால் சதுரமாக வைப்போம் என்று சொன்னது யார்?

"கொஞ்சம் பொறுங்க தலைவரே. கரகம் வர்றதுக்குள்ள சொல்றேன்" என்றாள்.

கோயிலுக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தினாள். தேயிலைக் கொட்டைகளைப் பொறுக்கிப் புள்ளியாக வைத்தாள். இரண்டுக்கு இரண்டு. விரலால் கோடு இழுத்தால் இரண்டு இழை. மூன்றுக்கு மூன்று வைத்தாள், மூன்று இழை. நாலுக்கு நாலு, நாலு. இதென்னடா கூத்து! வீட்டு வாசலில் எத்தனை ஆயிரம் கோலம் போட்டிருப்பாள். அங்கே இழை இரண்டானாலும் மூன்றானாலும் கேட்பாரில்லை, அவளும் எண்ணிப் பார்த்ததில்லை. சதுரம் வைத்தால் எத்தனை வரிசையோ அத்தனை இழை! வீரம்மா வைத்தாலும் அந்த அம்மனே வந்து வைத்தாலும் அப்படித்தான்.

இரண்டுக்கு மூன்று, ஒன்று. நாலுக்கு ஆறு, இரண்டு. ஐந்துக்கு ஏழு, ஒன்று. பின்னே எது தீர்மானிக்கிறது? அவள் ஐந்துக்கு ஏழைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதிலிருந்து ஐந்துக்கு ஐந்து சதுரத்தைக் கையால் ஒதுக்கினாள். ஐந்துக்கு இரண்டு மிஞ்சியது. அதில் இரண்டுக்கு இரண்டாக இரண்டு சதுரம் ஒதுக்கினாள். மிஞ்சியது ஒரு வரிசை, இரண்டே கொட்டை. அதையும் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். கடைசியில் கையில் ஒற்றைக் கொட்டை. நாலுக்கு ஆறை அதே மாதிரி ஒதுக்கினால், கடைசிச் சதுரம் இரண்டுக்கு இரண்டு. அதற்கு இழை இரண்டு.

கடைசியில் மிஞ்சுகிற சதுரம் எத்தனை வரிசையோ, கோலத்துக்கு அத்தனை இழை. பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்குக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவளுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கோடு இழுப்பதற்கு முன்னாலேயே, மாவு தொடுவதற்கு முன்னாலேயே, இந்தக் கொட்டைகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதே! இத்தனை நாளும் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்ததை எண்ணி அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

"என்னாடி, பேய் கீய் புடிச்சிருச்சா?" என்று செல்லசாமி குனிந்தான்.

அவள் முப்பத்தாறு கொட்டைகளை நாலு வரிசையாக, வரிசைக்கு ஒன்பதாகப் பரப்பினாள். நாலுக்கு நாலு சதுரம் ஒன்று, இரண்டு. மிச்சம் நாலு கொட்டை, ஒற்றை வரிசை. எழுந்தாள்.

"தலைவரே, எல்லாத்தையும் அழிங்க. முப்பத்தாறையும் நாலுக்கு ஒம்பதா வைக்கணும். வீரம்மாவும் வைக்கணும்."

"வச்ச புள்ளிய அழிக்கிறதா? சாமி குத்தம் புள்ள!"

"குத்தம் எம்மேல இருக்கட்டும். இந்தத் தடவ இழை ரெண்டாச்சுன்னா வீரம்மா போக வேணாம். எம் புள்ளிய எடுத்துக்கிட்டு நானும் எம் புருஷனும் எறங்கிப் போயிர்றோம்."

செல்லசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப் பாவி, என்னய ஒரு வார்த்த கேட்டியா?" என்றான். ஆனால் முதல் ஆளாக மறுபடி மாவு கிள்ளி வைத்தவனும் அவன்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷன்.

முணுமுணுத்துக்கொண்டே மற்றவர்களும் வைத்தார்கள். கடைசியில் வீரம்மா. அவள் கிள்ளின மாவு இருமடங்கு விழுந்தது. கீழே ஆற்றுப் பக்கம் தப்பு மேளச் சத்தம் ஏறி வர ஆரம்பித்துவிட்டது.

ராக்காயி குனிந்தாள். கோடு கிளம்பியது. ஓரத்தில் மோதி வளைந்து, குறுக்கே ஓடி, மறு ஓரத்தில் மோதித் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் தொடங்கின புள்ளியை உரசிக்கொண்டு வந்தபோது, "போச்சு, மூடப் போகுது" என்று யாரோ அலறினார்கள். மூடவில்லை. உரசிவிட்டுத் தன் பாட்டுக்குப் போனது. மேல் லயத்தார் புள்ளி, கீழ் லயத்தார் புள்ளி, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளின் புள்ளி, எதையும் விடவில்லை. வீரம்மாவின் தடித்த புள்ளியையும் சுற்றி வந்தது. கடைசி வளைவு வளைந்து, கோடு தன் தலையைத் தானே தொட்டது. முப்பத்தாறும் உள்ளே.

"ஆத்தாடி!" என்று ஒரு குரல். பிறகு குலவைச் சத்தம். வீரம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சற்று முன் அவளை ஏசினவர்களே ஓடிப்போய்த் தூக்கினார்கள். மனுஷர்கள் அப்படித்தான். கரகம் வந்து, கோலத்தின் மேல் நடந்து, உள்ளே போனது. எல்லாரும் பின்னாலேயே போனார்கள்.

ஆண்டியப்பன் மட்டும் போகவில்லை. ராக்காயி கொட்டைகளைப் பரப்பியிருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். "எப்படிம்மா தெரிஞ்சிச்சு?" என்று கேட்டார். அவள் சதுரம் சதுரமாக ஒதுக்கிக் காட்டினாள். இரண்டு தடவை காட்டச் சொன்னார்.

"அப்ப ஆளு மேல ஒண்ணுமில்லயா?"

"இல்லீங்க. வைக்கிற வரிசைதான்."

"நீ வர்றதுக்கு முந்தி, ஒலகச் சண்ட நடந்த வருஷம், இங்க ரெண்டு லயந்தான்" என்றார். "இருவத்துநாலு வீடு. நாலுக்கு ஆறா வச்சோம். வரிச பாக்க நாந்தான் கயிறு புடிச்சேன். இழை ரெண்டாப் போச்சு."

பிறகு அவரே கொட்டைகளைக் காட்டிக் கேட்டார்.

"மூணுக்கு எட்டா வச்சிருந்தா?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். நாக்கு வரவில்லை. கொட்டைகளை மூன்று வரிசையாக, வரிசைக்கு எட்டாகப் பரப்பி வைத்தாள். பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு மண்டியிட்டு, தன் விரலாலேயே கோடு இழுத்தார். கோணல் மாணலாக, நின்று நின்று இழுத்தார். விரல் இருபத்துநாலையும் சுற்றி, தொடங்கின இடத்துக்கே வந்து சேர்ந்தது. அதை எடுக்காமல் மண்ணிலேயே அழுத்திக்கொண்டிருந்தார்.

"மூக்கன்னு ஒருத்தன், மாசமா இருந்த பொண்டாட்டியோட போகச் சொன்னோம்" என்றார். "எங் கூடப் பொறந்தவன், ராக்காயி. எங்க போனான்னே தெரியல."