வயிறு கொட்டாஞ்சேனையில், கரு வெள்ளவத்தையில்

முதலில் என் கண்ணில் பட்டது அக்காவின் கை. ஓட்டோ குழியில் இறங்கும்போதெல்லாம் அது அடிவயிற்றைப் பொத்திக்கொண்டது. வயிற்றில் எதுவும் இல்லை. பிள்ளைக்காகச் சிகிச்சை எடுக்கும் அக்காவின் மூன்று கருக்களும் வெள்ளவத்தை கிளினிக்கில், கண்ணாடித் தட்டில் வளர்ந்துகொண்டிருந்தன. கரு உருவாகி அன்று மூன்றாம் நாள். நல்லதாக ஒன்று இருந்தால் அன்றே உள்ளே வைப்பார்கள். அத்தானுக்குக் கப்பலில் வேலை. அதனால் போன மாதம் ஒரு வியாழக்கிழமை துணைக்கு நான் போனேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட மூவாயிரம் ரூபாய். எட்டு மணிக்குக் கிளம்பியும் காலி வீதி நெரிசலில் ஒரு மணி நேரம் பிடித்தது.

"மெதுவா போங்க அண்ணே," என்றாள் அக்கா.

"எத்தனை மாசம் தங்கச்சி?"

"இன்னும் வயித்துக்கு வரேல்ல. பிள்ளை வெள்ளவத்தையில இருக்கு."

ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "பிள்ளை அங்க எண்டா, நான் ஆருக்கு மெதுவா போறது?"

அக்கா சிரித்துவிட்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை. வெளியாட்களிடம் வாய் திறக்காத நான் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

(சென்ட், பவுடர் போட்டுப் போகாதீர்கள். கருவுக்கு ஆகாதாம், கிளினிக் வாசலிலேயே கேட்கிறார்கள்.)

ஆய்வுகூட மிஸ் திரையைக் காட்டினார். இரண்டு கருக்கள் நான்கு செல்லோடு நின்றுவிட்டிருந்தன.

"முந்தநாள் தண்ணி வாளி தூக்கினனான் மிஸ். அதாலயா?"

"அது உங்கட வயித்திலயே இல்லையேம்மா! முதல் ரெண்டு மூண்டு நாளும் கரு தன்ட மரபணுவைப் பெரிசாப் பாவிக்கிறதில்ல. உங்கட முட்டையில ஏற்கனவே இருந்த கட்டளையளாலதான் ஓடும். பிறகு சொந்த மரபணு முழிக்க வேணும். அந்த இடத்திலதான் கனக்கக் கரு நிக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடையில் பள்ளியை விட்டவள் நான். தாயும் தகப்பனும் சேர்ந்த கணமே எல்லாம் வேலை செய்யத் தொடங்கிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அத்தானின் பங்கு இத்தனை நாளும் அநேகமாகப் பேசாமலே கிடந்திருக்கிறது. அக்கா இங்கே வெறும் வயிற்றைப் பொத்திக்கொண்டிருக்க, அவை அங்கே அவள் முட்டைக்குள் எப்போதோ சேர்த்துவைத்ததைக் கொண்டு பிழைத்திருக்கின்றன. அவளுக்கே தெரியாமல்!

"மூண்டாவது?" என்றாள் அக்கா.

"எட்டாப் பிரிஞ்சிருக்கு. முழிச்சிட்டுது போல. உள்ள வைப்பம்."

போகிறவர்கள் முழு நாளையும் ஒதுக்குங்கள், துணைக்கு வருபவருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். கரு நின்றுபோனால் எந்த வாளியையும் நினைத்து அழாமல், மிஸ்ஸிடம் கேளுங்கள்.

உள்ளே வைத்து முடிந்து, மூன்று மணிக்கு அதே ஓட்டோ. அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கை வயிற்றை விட்டு நழுவிக் கிடந்தது. ஓட்டோக்காரர் வேகம் எடுத்தார். நான் முன்னால் குனிந்தேன்.

"அண்ணே," என்றேன், "இப்ப மெதுவா போங்க."