நாலாவது மாலை

நான் டியூப் கொடுக்கிறவள். தண்ணீர் பார்க்கில் காற்றடித்த பெரிய டியூப் இருக்கும். ஜனங்கள் அதில் உட்கார்ந்து மிதப்பார்கள். அதை வாடகைக்குக் கொடுப்பது, திரும்ப வாங்குவது, துடைத்து அடுக்குவது. பதினாறு வருஷம் அந்த வேலைதான்.

பார்க் மலாக்காவில், ஜாசின் டவுனிலிருந்து உள்ளே, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. கட்டினவர் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம். ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு நடப்பார். குப்பை கிடந்தால் குனிந்து தானே பொறுக்குவார். அவரிடம் சொல்லித்தான் என் ஓரகத்திக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி அவள். நான் ஆறாம் வகுப்பு. அவள் ஐந்தாம் பாரம், பதினொரு வருஷப் படிப்பு, முடித்தவள். இங்கிலீஷ் வரும், மலாய் வரும், சிரிப்பும் வரும். டியூப் துடைக்க என் பக்கத்தில் நின்றாள். எனக்கு அப்போது அவள்மேல் ஒன்றும் இல்லை.

தவுக்கே படுத்துவிட்டார். மகன் வந்தார். எங்களுக்கு யார் வந்தாலும் மாலை போட வேண்டும். அப்படியே பழகிவிட்டோம். சட்டமன்றத்து ஒய்பி வந்தாலும் மாலை, பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் வந்தாலும் மாலை. பார்க்கில் தமிழர்கள் பதினொரு பேர். லாரி ஓட்டுகிற அண்ணன்தான் சொன்னார், புது முதலாளிக்கு நம்ம சார்பில் ஒரு மாலை போட்டால் மரியாதை என்று.

மாலை எனக்குக் கட்டத் தெரியும். நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து மாரியம்மனுக்கு வெள்ளிக்கிழமை நான்தான் கட்டுவேன். ஜாசின் பாசாரில் செவ்வந்தியும் ரோஜாவும் வாங்கினேன். வாழை நார் வீட்டுப் பின்னால் இருந்தது. கட்டி முடித்துக் கொண்டு போனேன்.

மகன் நல்ல உயரம். நான் குள்ளம். லாரி அண்ணன் மாலையை என் கையிலிருந்து வாங்கி ஓரகத்தியிடம் கொடுத்தார். அவள் போட்டாள். புது முதலாளி அவள் பெயரைக் கேட்டார். என்ன வேலை என்று கேட்டார். அடுத்த வாரம் அவள் டிக்கெட் கவுண்டருக்குப் போய்விட்டாள். கவுண்டரில் ஏர்கோன் உண்டு.

அன்றைக்குத்தான் ஆரம்பம். பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

மகன் பெரிய ஆளாகப் பார்த்தார். கடன் வாங்கி வடக்கே ஒரு பார்க் வாங்கினார். ஜொகூரில் ஒன்று. மூன்று இடத்துக்கும் ஒரே பெயர், ஒரே சட்டை. கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கோவிட் வந்து கேட்டைப் பூட்டினார்கள். திறந்தபோது பாதிப் பேர் வரவில்லை. சறுக்குகள் மூன்றில் ஒன்றைக் கயிறு போட்டு அடைத்தார்கள். அலைக்குளம் சனி ஞாயிறு மட்டும். மீ நூடுல்ஸ் விற்ற கடை போனது. மகனும் போனார்.

கோலாலம்பூரிலிருந்து சிஇஓ என்று ஒருவர் வந்தார். காலுறை இல்லாமல் சப்பாத்து போட்டிருந்தார். நான் மாலை கட்டினேன். ஓரகத்தி போட்டாள். அவர் எங்கள் சட்டையை நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றினார். அவளை சூப்பர்வைசர் ஆக்கினார். இடுப்பில் வாக்கிடாக்கி வந்தது.

அந்த வாக்கிடாக்கி என் கண்ணை உறுத்தியது. அவள் நடந்து வரும்போது அது கரகர என்று பேசும். அவள் ஒரு கையால் அதை எடுத்து, மறு கையை இடுப்பில் வைத்து, பதில் சொல்வாள். நான் ஈரத் துணியோடு நிற்பேன். 'அக்கா, நாப்பது டியூப் ரெடியா?' என்று கேட்பாள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மரியாதை குறையவே இல்லை. குறைந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சிஇஓவும் நிற்கவில்லை. அடுத்து ஒரு அம்மா. கணக்குப் படித்தவர் என்றார்கள். லாரி அண்ணன் பூவைப் பார்த்துவிட்டுச் சொன்னார், மாப்பிள்ளைக்கே ஆயுசுக்கு ஒரு மாலைதான், இந்தப் பார்க்குக்கு வருஷம் ஒரு மாப்பிள்ளை என்று. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த அம்மா தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டார். மோந்து பார்த்தார். யார் கட்டியது என்று மலாயில் கேட்டார். எனக்கு மலாய் புரியும். வாயைத் திறந்தேன். அதற்குள் ஓரகத்தி, நாங்கள்தான் கட்டினோம் என்றாள்.

அவள் ஒரு பூவைக்கூடத் தொட்டதில்லை.

வீட்டுக்கு வந்து சோறு ஆக்கினேன். வீட்டுக்காரர் என்ன ஒரு மாதிரி இருக்கே என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவருடைய தம்பி பெண்டாட்டியைப் பற்றி அவரிடம் என்ன சொல்வது.

அந்த அம்மா வந்த பிறகு ஆள் குறைத்தார்கள். பங்களாதேஷ் பையன்கள் ஊருக்குப் போனார்கள். டியூப் கவுண்டரை டிக்கெட்டோடு சேர்க்கப் போவதாகப் பேச்சு வந்தது. சேர்த்தால் அங்கே ஓர் ஆள் போதும். அந்த ஓர் ஆள் நான் இல்லை. எனக்கு ஐம்பத்து மூன்று வயசு. எங்கள் தோட்டத்தில் இப்போது குலை வெட்ட வெளிநாட்டு ஆள். டியூப் போனால் எனக்கு வேறு இடம் கிடையாது. அதுதான் நெஞ்சில் இருந்தது.

அந்த அம்மாவும் போனார். கடன் கொடுத்தவர்கள் ஒரு ஆளை அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். மூன்று பார்க்குக்கும் இனி அவர்தான்.

நான் ஒரு முடிவு செய்தேன். மாலை போட்டவளுக்குத்தான் இடம் கிடைத்தது. கட்டினவளை யாரும் பார்க்கவில்லை. இந்தத் தடவை நான் போடுவேன்.

அதுவரை கட்டாத மாதிரி கட்டினேன். சம்பங்கி, நடுவில் சிவப்பு ரோஜா, கீழே குஞ்சம். காலையில் மெயின் கேட்டில் எல்லாரும் வரிசையாக நின்றோம். ஓரகத்தி கையை நீட்டினாள், பழக்கத்தில். நான் கொடுக்கவில்லை.

"இன்னிக்கு நான் போடுறேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். லாரி அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். அவள் கை காட்டி நிறுத்தினாள்.

"போடுங்கக்கா" என்றாள். என் காலரை இழுத்து நேராக்கினாள்.

பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். நல்லா வேணும் என்றும் நினைத்தேன்.

வந்தவர் என் உயரம்தான். சுலபமாகப் போட்டேன். பல் தெரியச் சிரித்தேன். யாரோ போனில் படம் எடுத்தார்கள். அவர் மாலையை உடனே கழற்றிக் கூட வந்தவனிடம் கொடுத்தார். மற்றவர்கள் கொஞ்ச நேரமாவது கழுத்தில் வைத்திருப்பார்கள். பிறகு ஒரு தாளைப் பிரித்துப் படித்தார். வடக்கும் ஜொகூரும் நடக்கும். இந்தப் பார்க் மாதக் கடைசியில் மூடப்படும்.

சமையல்கட்டு அக்கா ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். நான் கை நிறைய நார் வாசத்தோடு நின்றேன்.

படம் வாட்சப்பில் சுற்றியது. தோட்டத்துக் கடைக்கு சீனி வாங்கப் போனேன். கடைக்காரர் போனைத் திருப்பிக் காட்டினார். "கடைய மூட வந்தவனுக்கு மாலை போட்டு அனுப்பினீங்களாமே லா. ஆரத்தியும் எடுத்தீங்களா?" என்றார். சீனியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் ஓரகத்தியை டியூப் ஸ்டோருக்குள் கூப்பிட்டேன்.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும். ரெண்டு நாள் முன்ன ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? பொறாமையில சொல்றான்னுதான நினைச்சிருப்பீங்க."

அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அவள் ஒரு டியூபைத் துணியால் துடைத்தாள். அவள் டியூப் தொட்டே வருஷக்கணக்காகியிருக்கும். "எனக்கும் அந்த ஆளுக்குப் போட கை வரலக்கா" என்றாள். வாக்கிடாக்கி கூப்பிட்டது. போய்விட்டாள்.

மாதக் கடைசியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். இடம் விற்கும்வரை பார்த்துக்கொள்ள, கேட்டில் காவலுக்கு ஒரு நேபாளி கார்டு, உள்ளே ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். அந்தப் புது முதலாளிக்கு எங்களில் ஒருவர் பெயரும் தெரியாது. 'எனக்கு மாலை போட்டாளே அந்த அக்கா, அவள் இருக்கட்டும்' என்றாராம்.

ஆக, மாலை வேலை செய்தது.

இப்போது நான் மட்டும் இருக்கிறேன். அலைக்குளத்தில் தண்ணீர் இல்லை. அடியில் இலை. காலையில் ஒரு சுற்று, மத்தியானம் ஒரு சுற்று. கொசு வராமல் மருந்து போடுவேன். வாக்கிடாக்கி என் இடுப்பில். இன்னொன்று கார்டிடம். பன்னிரண்டு மணிக்கு அவன் 'மக்கான்' என்பான், சாப்பாடு என்று. நான் 'ஓகே' என்பேன். நாள் முழுக்க அவ்வளவுதான்.

ஓரகத்தி கிளேபாங் கடற்கரையில் ரோட்டோரக் கடையில் இளநீர் ஷேக் விற்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரோடு போனேன். வரிசை ரோடு வரை நின்றது. ஓரகத்தி மூன்று மொழியில் பேசிக்கொண்டு கப்பை நிரப்பினாள். என்னைப் பார்த்ததும் வரிசையைத் தாண்டி நீட்டினாள். காசு வாங்கவில்லை. "அக்கா, இளைச்சிட்டீங்க" என்றாள். ஷேக் நன்றாக இருந்தது. அது வேறு வயிற்றெரிச்சல். அவ்வளவு ஜனம் அவளைப் பார்த்து நிற்கிறது. என்னைப் பார்க்க ஒரு உடும்பு வரும், சறுக்கு மேல்.

போன வாரம் ஆபீஸிலிருந்து போன். இடத்தைப் பார்க்க ஒருவர் வருகிறார். பிடித்தால் வாங்கித் திரும்பத் தண்ணீர் பார்க்காகவே நடத்துவாராம். பிடிக்காவிட்டால் எல்லாம் இடித்துச் செம்பனை போடுவார்கள். அப்போது என் வேலையும் போகும். பெருக்கி வை என்றார்கள். மாலை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான் பூ வாங்கிவிட்டேன்.

நார் கிழிக்கும்போது யோசித்தேன். அவள் மூன்று பேருக்குப் போட்டாள். மூன்று தடவையும் பார்க் பிழைத்துக்கொண்டது. நான் ஒருவருக்குப் போட்டேன். கைராசி என்று ஒன்று உண்டு. எனக்குக் கட்டுகிற கை. அவளுக்குப் போடுகிற கை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு முழு மாலை கட்டுகிற நேரம் ஆனது.

போன் போட்டேன்.

"வியாழக்கிழமை லீவு போடு. வந்து மாலை போடு."

அந்தப் பக்கம் கப் சத்தம், ஜனச் சத்தம். "நீங்க போடலையாக்கா?"

"நீ போடு" என்றேன்.

வருகிறேன் என்றாள். வருவாள். சிரிப்பாள். வருகிறவர் அவள் பெயரைக் கேட்பார், என்ன வேலை என்று கேட்பார். திறந்தால் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார். எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

மாலை யார் கட்டியது என்று கேட்டால், இந்தத் தடவை நான் முந்திக்கொள்வேன். வாக்கிடாக்கியை வியாழக்கிழமை முழுக்க இடுப்பிலிருந்து கழற்றப் போவதில்லை.