இருபத்தொன்பதுக்கு ஒன்று

செங்கம் சாலையில் நேற்று புதுத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் உள்ளங்கால் கூசியது. செருப்புப் போட்டிருக்கிறேனா என்று குனிந்து வேறு பார்த்துக்கொண்டேன். சொன்னால் சிரிப்பீர்கள். எழுபதுகளின் கடைசியில், இதே சாலையில் சைக்கிள் மிதித்துப் போகும்போதுதான் என் வாழ்க்கையின் மிக மோசமான யோசனை எனக்கு வந்தது. மேட்ச் அன்று காலையில் எங்கள் டீம் ஐந்து பேரும் வெறுங்காலோடு மலை சுற்றிவிட்டு வந்தால் என்ன?

மேட்ச் என்றால் பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், இருபத்தொன்பது பாயிண்ட். எதிரே வரப்போவது வெளியூர் மில் டீம். பேருக்குத்தான் மில்லில் வேலை, பந்தடிப்பதுதான் அவர்களுக்கு உத்தியோகம். அதில் ஓர் இடம் காலி. மில் அதிகாரி எங்கள் ஏழுமலையிடம், "அன்னைக்கு நல்லா ஆடு, எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். அடுத்த மாதம் ஏழுமலைக்கு வயசு வரம்பு தாண்டிவிடும். அப்புறம் எந்த மில்லும் எடுக்காது. பதினைந்து நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

"முந்தின நாளே சுத்திடலாம்டா, கால் ஓய்ஞ்சிடும்" என்றான்.

"வேண்டுதல்னா அன்னைக்கே செய்யணும். ஒரு ராத்திரி போனா பலன் ஆறிப்போயிடும்" என்றேன். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ், சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினான்.

விடியற்காலையில் கிளம்புவதாகத் திட்டம். ஒருவன் எழுந்து வர எட்டு மணியானது. கத்திரி வெயில். அடி அண்ணாமலை தாண்டும்போது தார் இளகிக் காலோடு வந்தது. ஓரமாக நடந்தால் கருவேல முள்.

"இன்னாடா இது, தோசக்கல்லு மேல உட்ட மாதிரி!" என்று ஏழுமலை குதித்தான்.

"சுடுதுன்னா சாமி பார்க்குதுன்னு அர்த்தம், நட."

சாமி பார்த்திருக்கும். சிரித்துமிருக்கும்.

நாலு மணிக்கு மைதானத்தில் இறங்கியபோது பத்துக் காலிலும் கொப்புளம். கான்வாஸ் ஷூவுக்குள் கால் நுழையவில்லை. துணி சுற்றிக்கொண்டு ஆடினோம். முதல் ஆட்டம் இருபத்தொன்பதுக்குச் சைபர். பந்து எங்கே விழும் என்று கண்ணுக்குத் தெரிகிறது, கால்தான் போகமாட்டேன் என்கிறது. "ஏம்பா, கல்யாணப் பொண்ணு மாதிரி நடக்கறீங்க!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். இரண்டாவது ஆட்டத்தில் இருபத்தொன்பதுக்கு ஒன்று. அந்த ஒன்றும் அவர்கள் நெட்டில் அடித்துக் கொடுத்தது.

ஆட்டம் முடிவதற்குள்ளேயே அதிகாரியின் ஜீப் கிளம்பிவிட்டது. கடைசிப் பந்து தரையில் உருளும்போது ஏழுமலை மட்டையைப் போட்டுவிட்டு ஜீப்பின் பின்னால் ஓடினான். சுற்றியிருந்த துணி அவிழ்ந்து இழுபட, "சார், இன்னொரு ஆட்டம் சார், ஒரே ஆட்டம்!" என்று பேருந்து நிலையம் வரைக்கும் ஓடினான். நானும் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். ஜீப் நின்றது. அதிகாரி தலையை வெளியே நீட்டினார்.

"இப்ப ஓடற இல்ல? உள்ள ஏம்பா ஓடல?"

ஏழுமலை குனிந்து அவிழ்ந்த துணியைக் காலில் சுற்றினான். நான் சொல்லியிருக்கலாம். "சார், யோசனை என்னுது" என்று மூன்றே வார்த்தை. ஜீப் போய்விட்டது.

அந்த மில் மூடி வெகுகாலமாகிறது. மைதானத்தில் இப்போது பௌர்ணமிக் கூட்டத்தின் வண்டிகள் நிற்கின்றன. கம்பளிப் பந்து கேட்டால் விளையாட்டுச் சாமான் கடைக்காரர், "குழந்தைக்கா சார்?" என்கிறார். ஏழுமலை கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றும் வேன் வைத்திருக்கிறான். எப்போது பார்த்தாலும் அவனே ஆரம்பிப்பான். "அன்னைக்கு எனக்கு ராசி இல்லடா." நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். இந்தத் தடவை, ராசி என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வருவதற்குள், யோசனை என்னுதுடா என்று சொல்லிவிட வேண்டும்.