எண் பூட்டுக்குள் பன்னிரண்டு துப்பாக்கிகள்

புருஷனைப் பனிக்காலத்தில் தனியே விட்டுவிட்டு ஓடிப்போனவள் என்று என் மருமகள் ட்வைலாவை இனி யாரும் என் காதுபடச் சொல்ல வேண்டாம். போன ஞாயிறு சர்ச் சாப்பாட்டில் எங்கள் ஊர் மாக்சின் அதைத்தான் சொன்னாள்.

"பின்ன என்னக்கா? குடும்பத்தைக் காப்பாத்த வீடு நிறைய துப்பாக்கி வாங்கி வச்சான் உன் பிள்ளை. அவனையா விட்டுட்டுப் போவா ஒருத்தி?"

"யாரைக் காப்பாத்தினான்? ஒரு ஆட்டுக்குட்டி பேரு சொல்லு பாப்போம்," என்றேன். மாக்சின் உருளைக்கிழங்கு சாலட்டைக் கிளற ஆரம்பித்துவிட்டாள்.

ராய்ஸ் நான் பெற்ற பிள்ளை. அதனால்தான் சொல்கிறேன். கெட்ட காலம் வரப்போகிறது, கடையெல்லாம் காலியானதும் நகரத்து ஜனங்கள் ஐடஹோ மாநிலத்து மலையேறி நம் வீட்டுக்குத்தான் வருவார்கள் என்று அவனுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ட்வைலா சிரிக்கவில்லை. வேட்டைக்காரன் மகள் அவள். எங்கள் குளிர்காலக் கறி முழுக்க அவள் சுட்டது. உட்கார்ந்து யோசித்துத்தான் சொன்னாள்.

"மூணு போதும். முயலுக்கும் நரிக்கும் சின்ன ரைஃபிள் ஒண்ணு. வாசல்ல யாராவது வந்தா சிதறு குண்டுத் துப்பாக்கி. கறிக்கு எங்கப்பா ரைஃபிள் இருக்கு. மூணுக்கும் நம்ம ஊர் கடையிலயே தோட்டா கிடைக்கும். சுடும்போது உதைக்கிறதை நம்ம அம்மா தோளும் தாங்கணும், பாத்துக்கோ."

"அது முயல் சுடுறவங்க கணக்கு. நான் மனுஷங்களுக்குத் தயார் பண்றேன்," என்றான்.

துப்பாக்கிச் சந்தை போட்ட ஊருக்கெல்லாம் போனான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தோட்டா தின்கிற ஜாதி. ட்வைலா அப்பாவின் ரைஃபிளோடு பன்னிரண்டு சேர்ந்ததும் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று வந்தது. எல்லாம் உள்ளே போயின, அந்த ரைஃபிளும்தான். எண்ணை அழுத்தினால்தான் திறக்கும். எண் ராய்ஸுக்கு மட்டும்தான் தெரியும்.

பிப்ரவரிப் பனியில் மரங்கள் விழுந்து சாலை அடைபட்டது. ராய்ஸ் கீழே மரம் அறுக்கும் ஆலையில் மாட்டிக்கொண்டான். மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. விடிகிற நேரத்தில் கொட்டகையில் ஆடுகள் அலறின. மலைச் சிங்கம், சிறுத்தை மாதிரிப் பெரிய காட்டுப் பூனை. ட்வைலா பெட்டி முன்னால் நின்று அவன் பிறந்த நாளை அழுத்தினாள், கல்யாண நாளை அழுத்தினாள். எதற்கும் திறக்கவில்லை. கடப்பாரை போட்டு நெம்பினாள், கீறல்தான் விழுந்தது. அப்புறம் மண்வெட்டியும் கையுமாக ஓடினாள். அதை விரட்டியும் விட்டாள். ஆனால் அதற்குள் சினையாடுகள் ஐந்து போய்விட்டன, அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவை.

சாலை திறந்து ராய்ஸ் வந்தான். கொட்டகைப் பக்கம் போகவில்லை. நேரே பெட்டியிடம் போய்க் கீறலைத் தடவினான்.

"என்ன இது? உடைக்கப் பாத்தியா?"

"ஆடு அஞ்சு செத்துப்போச்சு, ராய்ஸ். அந்த எண்ணைச் சொல்லு."

"சொன்னா உன் தங்கச்சிகிட்டச் சொல்லுவ. அவ புருஷன் ஊரெல்லாம் சொல்லுவான்."

"யாருக்குப் பயந்துடா பூட்டின? வர்றவங்களுக்கா, எனக்கா?"

"அப்படித்தான் எல்லாத்தையும் திரிப்ப."

"சரி. எங்கப்பா ரைஃபிளையாவது எடுத்துக் குடு."

"அது செட்ல ஒண்ணு. அதை எடுத்தா என் திட்டமே கெட்டுப்போகும்," என்றான். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னான்.

ட்வைலா பூட்ஸை மாட்டிக்கொண்டாள், மேல்கோட்டை எடுத்தாள். "அம்மா, அடுப்புல சூப் இருக்கு, ஆறிடப்போகுது," என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

"போ கண்ணு," என்றேன்.

கதவைத் திறந்தபடியே விட்டுப் பனியில் இறங்கி நடந்தாள். குளிர் உள்ளே வந்தது. என் பிள்ளை எழுந்து போனான். கூப்பிடப் போகிறான் என்று நினைத்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.