முந்திரி ஓட்டில் ஓடிய பஸ்

தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக, இன்னொருவர் பஸ்ஸை நான் பாழாக்கினேன். பொறாமையால் செய்யவில்லை, பகையாலும் இல்லை. என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். அதனால் குற்றம் குறைந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. வயதாக வயதாக அது எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது.

இரண்டாம் உலக யுத்த காலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது, அதுவும் நாலைந்து நடைக்குக் காணாது. பஸ் ஓடாததால் சந்தைக்கு ஆள் வரவில்லை. அரியலூர்க் கடைத்தெருவில் வியாபாரிகள் மத்தியானமே கதவைச் சாத்திவிட்டுத் தூங்கினார்கள். என் சித்தப்பாவுக்குப் பெரம்பலூர்–அரியலூர் ரூட்டில் ஒரே ஒரு பஸ். நான் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். கரி கேஸில் பஸ் ஓட்டும் வித்தையைக் கற்று வரச் சொல்லி என்னைத் திருச்சிக்கு அனுப்பினார்.

பஸ்ஸின் பின்பக்கம் ஒரு இரும்பு டிரம்மை மாட்டி, அதில் கரியைக் கொட்டிப் பற்றவைக்க வேண்டும். கைப்பிடி போட்ட விசிறியைச் சுற்றினால் கரி கனன்று கேஸ் வரும். அது குழாய் வழியாகப் போய், தேங்காய் நாரும் துணியும் திணித்த வடிகட்டியைத் தாண்டி இஞ்சினுக்குள் நுழையும். மேட்டில் வண்டி மூச்சு வாங்கும். ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். ஆனாலும் ஓடியது. கரி காற்றாகி, அந்தக் காற்று நாற்பது பேரைச் சுமந்துகொண்டு போவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை.

ஜெயங்கொண்டம்–அரியலூர் ரூட்டில் வரதராஜன்பேட்டைக்காரர் ஒருவர் பஸ் விட்டுக்கொண்டிருந்தார். சொந்தக்காரரும் அவர்தான், டிரைவரும் அவர்தான். டிரம் மாட்டுவதை என்னிடம்தான் கேட்டுக் கேட்டுச் செய்தார். எல்லாப் பஸ்ஸும் கரிக்குப் பறந்ததால் விறகுக்கரி கிடைப்பதே அரிதாகிவிட்டிருந்தது. ஒருநாள் அரியலூர் ஸ்டேஷன் வாசலில் என்னை மடக்கினார்.

"தம்பி, நீங்க படிச்சவரு. எங்கூர்ல கொட்டை வறுக்கிற எடத்துல முந்திரி ஓடு மலையாக் குமிஞ்சு கெடக்கு. அதைக் கரியாக்கி டிரம்முல போட்டா ஓடுமா?"

முந்திரி ஓட்டில் எண்ணெய் உண்டு. கையில் பட்டால் கொப்பளித்துவிடும். சின்ன வயதில் எனக்கே கொப்பளித்திருக்கிறது. கரியாக்கினாலும் அந்த எண்ணெய் முழுதாகப் போகுமா, கேஸோடு சேர்ந்து இஞ்சினுக்குள் போகுமா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. சித்தப்பாவின் பஸ்ஸில் போட்டுப் பார்க்கத் துணிச்சல் இல்லை.

"தாராளமாப் போடுங்கண்ணே. எல்லாக் கரியும் கரிதான்" என்றேன்.

"படிச்ச வாயால சொல்லிட்டீங்க. அப்புறம் என்ன!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

பஸ் ஓடியது. சொல்லப்போனால், முன்னைவிட வேகமாகவே ஓடியது. கடைத்தெரு முழுக்க அந்தக் காரநெடி.

"என்னண்ணே, பஸ் ஓட்டுறியா, முந்திரி வறுக்கிறியா?" என்று வெற்றிலைக் கடைக்காரர் கத்துவார்.

"ஏறி ஒக்காரு, ஒன்னையும் சேத்து வறுக்கிறேன்" என்பார் இவர்.

ஒரு நாள் நானும் அதில் ஏறி உடையார்பாளையம் வரை போனேன். வண்டி நின்றதும் அவர் டீ குடிக்கப் போனார். நான் வடிகட்டிக்கு அப்பால் இருந்த குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். விரலில் கருப்பாகப் பிசின் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். அதே எண்ணெய். விடை கிடைத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. குழாயை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். அவர் திரும்பி வந்ததும் சொல்லியிருக்கலாம். இஞ்சின் எத்தனை நாள் தாங்கும் என்பது அடுத்த கேள்வியாக மனதில் நின்றது. சொல்லவில்லை.

ஒரு காலையில் இஞ்சின் சுற்றவில்லை. குளிரில் பிசின் இறுகி வால்வுகளைக் கவ்விக்கொண்டிருந்தது. அது தெரியாமல் மாடு பூட்டி வண்டியை இழுத்துக் கிளப்பப் பார்த்திருக்கிறார். உள்ளே வால்வைத் தள்ளும் தண்டுகள் வளைந்துபோயின. யுத்தத்தில் புதுச் சாமானுக்கு எங்கே போவது? பஸ் அவர் வீட்டுப் பக்கத்தில் நின்றது. ஓடாமல் கிடந்தால் ரூட் வேறொருவருக்குப் போய்விடும். அதன் மேல் சித்தப்பாவுக்கே ஒரு கண்.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் என் சித்தப்பாவின் பஸ்ஸுக்கே கூலி டிரைவராக வந்து சேர்ந்தார். "ஓடு நல்லதுதான் தம்பி. நாந்தான் சரியா எரிக்கல போலருக்கு" என்று என்னிடமே சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரத்துக்கு வரதராஜன்பேட்டை போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொழாயில வெரல விட்டப்பவே தெரியுமா?" என்று கேட்டார் பஸ்காரர்.

"தெரியும்ணே."

"நான் டீ குடிச்சிட்டு வந்தேன். ஒங்களுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்."

பஸ் நின்ற பக்கம் நடந்தபடி, "சட்டையக் கழட்டுங்க, இஞ்சினத் தெறப்போம்" என்றார்.

எங்கள் வீட்டுப் பங்கு மண்ணெண்ணெயைக் கொண்டுபோய் வால்வுகளை ஊறவைத்துச் சுரண்டினோம். திருச்சிப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, உடைந்த லாரி ஒன்றிலிருந்து தண்டுகள் தேடிக் கொண்டுவந்தேன். ரூட் கைவிட்டுப் போவதற்குள் பஸ் கிளம்பியது. விஷயம் சித்தப்பாவுக்குத் தெரிந்தது.

"கைக்கு வந்த ரூட்ட ஒதறிட்டு வந்திருக்கான். இவனுக்கெல்லாம் ஒரு படிப்பு!" என்று கத்தி, என்னை ஷெட்டுப் பக்கம் வரக் கூடாது என்றார். நான் பள்ளிக்கூட வேலைக்குப் போனேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வரதராஜன்பேட்டைக்குப் போய் வடிகட்டியைக் கழுவிக் கொடுத்தேன். பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கும் வரை போனேன். அவர் என்னிடம் எதைக் கேட்டாலும் கூடவே, "இது ஒங்களுக்குத் தெரிஞ்சதா, தெரிஞ்சுக்கணும்னு சொல்றதா?" என்றும் கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். எனக்குச் சிரிப்பு வராது. அவர் மனைவி எனக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். ஒரு வார்த்தை பேசியதில்லை, கடைசிவரை.

ஒரு தடவை, "கொட்டாங்குச்சிக் கரி போடலாமா தம்பி?" என்றார்.

"தெரியலண்ணே."

"இதத்தான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்று எழுந்து போய், ஒரு பழைய தகர டின்னையும் துண்டுக் குழாயையும் எடுத்து வந்தார். கொல்லையில், பஸ்ஸிலிருந்து தள்ளி, டின்னில் கொட்டாங்குச்சிக் கரியைப் போட்டு மூட்டினோம். குழாயின் வாயில் அவருடைய பழைய வேட்டிக் கிழிசலைக் கட்டினோம். இரண்டு பேரும் மாற்றி மாற்றி விசிறினோம். பிறகு துணியை அவிழ்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் பிசின் படிந்து லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. என்னிடமும் நீட்டினார், நானும் பார்த்தேன்.

"இன்னும் நல்லா எரிச்சு, இன்னொருவாட்டி பாப்போம்" என்றார்.