இடம் விடாமல் எழுதும் மொழி

ஹட்டன் டவுனில் நோர்வே மொழி சொல்லிக்கொடுக்கிறேன் என்றால், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார். நோர்வேயில் ஒரு முதியோர் இல்லத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பியவள் நான். மருந்துக்கடை மேல்மாடியில் வகுப்பு. பாடம் சொல்லித் தொண்டை கட்டிய சகாக்களே, மற்றது உங்களுக்கே புரியும்.

நடுவில் ஓர் எழுத்து

முதல் வாரமே பலகை முழுக்க ‘ஆர்பைட்ஸ்தில்லாத்தெல்செ’ என்று எழுதினேன். வேலை செய்வதற்கான அனுமதி என்று அர்த்தம். ‘ஆர்பைட்’ வேலை, ‘தில்லாத்தெல்செ’ அனுமதி, இரண்டையும் ஒட்ட நடுவில் ஒரு ‘ஸ்’. வரி முடியும் இடத்தில் சொல்லை உடைக்க நேர்ந்தால் அந்த ‘ஸ்’ முதல் சொல்லோடுதான் நிற்கும் என்றேன். ஒரு முகத்திலும் ஈயாடவில்லை. ஏன் அப்படி என்று யாரோ கேட்டார்கள். நான் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினேன்.

அக்கரப்பத்தனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற புவனா எழுந்தாள். தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். “இதுல என்னாங்க டீச்சர் இருக்கு? தீ, பெட்டி, நடுவுல ஒரு ‘ப்’ போட்டு ஒட்டுறோம்ல? பிரிச்சா ‘தீப்’னுதானே நிக்கும்!”

சுகமில்லாத நர்ஸ்

வட்டவளை ரெஜினா படித்த நர்ஸ். நோர்வேயில் ஒரு முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு, சந்தோஷமாக என்னிடம் போனை நீட்டினாள். வாசித்துக்கொண்டே வந்த என் விரல் ஒரு சொல்லில் நின்றது. நர்ஸுக்கு அங்கே ‘சூக்கெப்லையெர்’. சேர்த்து எழுதினால் நோயாளிகளைக் கவனிப்பவர். போனோ தானாகவே நடுவில் இடம் விட்டு ‘சூக்கெ ப்லையெர்’ ஆக்கியிருந்தது. அப்படிப் பிரிந்தால், தானே நோயில் கிடக்கும் நர்ஸ்.

ரெஜினா அழுதுவிட்டாள். இரண்டு வருட மொழிப் படிப்பு ஓர் இடைவெளியில் போய்விட்டது என்றே நானும் நினைத்தேன். திருத்திய கடிதம் அன்றைக்கே போனது. மூன்றாம் நாள் நேர்முகத்துக்குத் தேதி குறித்துப் பதில் வந்தது. கடைசி வரியில் அந்த மேலாளர் அம்மா எழுதியிருந்தார்: “இவ்வளவு சீக்கிரம் குணமானதில் மகிழ்ச்சி.”

பாடத்தில் இல்லாத சொல்

நேர்முகம் என் வகுப்பறையிலேயே, கணினித் திரையில் நடந்தது. ரெஜினாவின் அம்மா அரைநாள் லீவு போட்டு வந்து, குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் நன்றாகப் போனது. திடீரென்று, “உங்கள் அம்மா என்ன வேலை செய்கிறார்?” என்று கேட்டார்கள். அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்; அதற்கு நான் சொல்லிக்கொடுத்த சொல் எதுவும் இல்லை. தவிர, டவுன் பிள்ளைகள் கேட்டால் ரெஜினா இந்தக் கேள்விக்கு மழுப்பிவிடுவாள்.

ஒரு கணம் கண்ணை மூடினாள். தேயிலைக்கு அங்கேயும் ‘தே’. பறிப்பவர் ‘ப்லுக்கெர்’. மகள் ‘தாத்தெர்’. நிமிர்ந்து உட்கார்ந்து, “நான் ஒரு தேப்லுக்கெர்தாத்தெர்” என்றாள். கொழுந்து பறிப்பவரின் மகள். நடுவில் இடைவெளியே இல்லை. திரையிலிருந்த மூவரும் சிரித்தபடி தலையாட்டினார்கள். வேலை கிடைத்தது.

திரை அணைந்ததும் அவள் அம்மாவுக்கு அர்த்தம் சொன்னாள். அவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீ சொல்றப்ப அர்த்தம் வெளங்கலனாலும், என்னையப் பத்தித்தான் பேசுறேன்னு தெரிஞ்சுச்சு புள்ள. தலையக் குனியாம சொன்னியே!”

சொல்லுக்குள் இடம் விடாதே என்று ஓயாமல் கத்துகிறவள்தான் நான், ஆனால் ரெஜினாவுக்கு வேலை கிடைத்ததைக் கேட்டு இப்போது வருகிற பிள்ளைகளை உட்காரவைக்க வகுப்பு வாங்குகளில் இடமில்லாமல் திண்டாடுகிறேன்.